திருத்திய கட்டுரையைப் பிள்ளை மீண்டும் எழுத: ஒரு செய்முறைப் பதிவு

யாழ்ப்பாணத்தில் தரம் 10, 11 மாணவர்களுக்குத் தமிழ் கற்பிக்கிறேன். திருத்திய கட்டுரைக் கொப்பிகளைத் திரும்பக் கொடுக்கும்போது எல்லா வகுப்பிலும் ஒன்றே நடக்கும். பிள்ளைகள் நேராகக் கடைசிப் பக்கத்தைத் திருப்புவார்கள். தங்கள் புள்ளியைப் பார்ப்பார்கள், பக்கத்தில் இருப்பவரின் புள்ளியை எட்டிப் பார்ப்பார்கள், கொப்பியை மூடிவிடுவார்கள். ஓரத்தில் எழுதிய குறிப்புகளைச் சிலர் வாசிப்பதுண்டு. வாசித்தபின் அதே கட்டுரையை மறுபடி எழுதுகிறவர் எவருமில்லை. எழுதச் சொன்னாலும், கொப்பி என்னிடம் வந்து திரும்பிப் போவதற்குள் அடுத்த பாடம் தொடங்கிவிடும். அந்தக் கட்டுரையின் நினைவே பிள்ளைக்கு இருக்காது.

இந்தச் சுற்றைக் கைத்தொலைபேசியால் சுருக்க நான் அமைத்துக்கொண்ட முறையை இங்கே எழுதி வைக்கிறேன். என் வேலையைக் குறைப்பதற்காக இதைத் தொடங்கவில்லை. குறிப்பு கிடைத்த பிள்ளை அன்றோ மறுநாளோ பேனையை எடுத்து எழுத வேண்டும் என்பதே நோக்கம். ஒரு குறிப்பை எழுதும் முன் "இதைப் பார்த்தபின் பிள்ளை கையால் என்ன செய்யும்?" என்று கேட்டுக்கொள்கிறேன். விடை இல்லையென்றால் அந்தக் குறிப்பு வேண்டாம்.

2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டபோது வட்ஸ்அப் குழுக்களே வகுப்பறைகள் ஆயின. அப்போது கற்றுக்கொண்ட பழக்கம் பாடசாலை திறந்த பின்னும் பிள்ளைகளிடம் இருந்தது. 2022 நெருக்கடியில் கடதாசித் தட்டுப்பாட்டினால் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சைகளே தள்ளிவைக்கப்பட்டன. இங்கே கொப்பிகளின் விலை ஏறிய ஏற்றத்தில், ஒரு கட்டுரையை முழுதாக இரண்டு தரம் எழுது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒரு பந்தியை மட்டும் திரும்ப எழுதினால் போதும், ஆனால் கட்டாயம் எழுத வேண்டும் என்ற முடிவு அங்கிருந்துதான் வந்தது. கடதாசியை மிச்சப்படுத்த வந்த முடிவு என்றாலும், கற்பித்தலுக்கும் அதுவே பொருந்துகிறது. முழுக் கட்டுரையையும் மீண்டும் எழுதுகிற பிள்ளை பெரும்பாலும் பழையதைப் பார்த்து அழகாகப் பிரதி செய்யும். ஒரு பந்தியை எழுதுகிற பிள்ளைக்கு யோசிப்பதைத் தவிர வேறு வழியில்லை.

படம் எடுத்தல்

சாதாரண தரப் பரீட்சையில் கையால்தான் எழுத வேண்டும். ஆகவே கொப்பியில் பேனையால் எழுதுவதை மாற்றவில்லை. கட்டுரை வலப்பக்கங்களில் மட்டும் எழுதப்படும். எதிரே உள்ள இடப்பக்கம் திருத்திய பந்திக்காக வெறுமையாக இருக்கும். எழுதி முடித்ததும் வலப்பக்கங்களைப் படமெடுத்து எனக்குத் தனியாக அனுப்ப வேண்டும்.

முதலில் வந்த படங்களில் பலவற்றை வாசிக்கவே முடியவில்லை. வட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பும் படம் சுருக்கப்பட்டே வந்து சேரும். சுருங்கிய படத்தில் தமிழுக்கு நேரும் கேடு பெரிது. மெய்யெழுத்தின் மேலுள்ள குற்று மறைந்துபோகிறது. அரவும் (ா) ரகரமும் ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன. குற்றுப் போடாமல் விட்டது பிள்ளையா, விழுங்கியது தொலைபேசியா என்று தெரியாமல் எழுத்துப்பிழையை எப்படிக் காட்டுவது? பிள்ளை சரியாக எழுதியதைப் பிழை என்று சொல்லிவிட்டால் அதன்பின் என் குறிப்புக்கு என்ன மதிப்பு?

வழி எளிதானது. படத்தைப் படமாக அனுப்பாமல், இணைப்புக் குறியை அழுத்தி 'ஆவணம்' என்ற தெரிவின் வழியாக அனுப்பினால் மூலப்படம் சுருங்காமல் வந்து சேரும். 2023 முதல் வட்ஸ்அப்பில் எச்.டி. தெரிவும் இருக்கிறது; அதுவும் பெரும்பாலும் போதும். டேட்டா கூடுதலாகச் செலவாகும் என்பதால் பக்கங்களை மட்டும் எடுக்கச் சொல்கிறேன், மேசையையும் சுவரையும் சேர்த்து எடுக்க வேண்டியதில்லை. பகல் வெளிச்சத்தில், விறாந்தையில் கொப்பியை நிலத்தில் விரித்து வைத்து, நேர் மேலிருந்து எடுக்க வேண்டும். இரவில் குழல் விளக்கின் கீழ் எடுத்தால் எடுப்பவரின் தலை நிழலாகப் பக்கத்தில் விழும். மேல் மூலையில் பெயரும் பக்க எண்ணும் இருக்க வேண்டும். இவ்வளவும் பழகிய பின் படம் சரியில்லை என்று திருப்பி அனுப்பும் தேவை அரிதாகிவிட்டது.

எண்ணும் குரலும்

தொலைபேசித் திரையில் விரலால் எழுதித் திருத்துவது சரிவராது. கோடு தடித்து எழுத்தை மூடிவிடுகிறது. பக்கம் முழுவதும் சிவப்பாகி, பிள்ளை எங்கே தொடங்குவது என்று தெரியாமல் தொலைபேசியைக் கீழே வைத்துவிடும். ஆகவே, பின்னால் சொல்லும் எழுத்துப்பிழைக் கோட்டைத் தவிர, படத்தில் நான் வைப்பது எண்கள் மட்டுமே. தொலைபேசியில் உள்ள படத் திருத்தும் கருவியால் 1, 2, அபூர்வமாக 3. அதற்கு மேல் வைப்பதில்லை. ஒரு கட்டுரையில் பத்துக் குறைகள் என் கண்ணில் படலாம். பத்தையும் சொன்னால் பிள்ளை எதையும் செய்யாது. இந்த முறை இந்தப் பிள்ளை செய்யக்கூடியது எது என்று தெரிவதே திருத்தலில் மிகவும் கடினமான பகுதி. அதற்கு எந்தச் செயலியும் உதவாது.

எண் குறித்த படத்துடன் ஒரு குரல் பதிவை அனுப்புகிறேன். இரண்டு நிமிடத்துக்கு மேல் போவதில்லை. பிள்ளையின் பெயரைச் சொல்லித் தொடங்குவேன். கட்டுரையில் நன்றாக வந்த ஓரிடத்தை அதன் சொற்களாலேயே எடுத்துச் சொல்வேன். "நல்ல கட்டுரை" என்று சொல்வதில்லை. "கிணற்றடியில் வாளி மோதிய சத்தத்தை எழுதிய இடத்தில் நான் நின்று மறுபடி வாசித்தேன்" என்று சொல்கிறேன். எது நன்றாக இருக்கிறது என்று தெரிந்தால்தான் பிள்ளை அதை இன்னொருமுறை செய்யும். பிறகு எண் 1, எண் 2. முடிவில் செய்ய வேண்டிய வேலை.

குரலால் செய்யக்கூடியதும் பேனையால் செய்ய முடியாததுமான ஒன்று உண்டு. பிள்ளையின் வசனத்தை அதற்கே வாசித்துக் காட்டுவது. ஒரு மாணவி இப்படி எழுதியிருந்தாள்:

"பாடசாலை விட்டதும் நானும் தங்கையும் கஸ்தூரியார் வீதி வழியாக நடந்து வரும்போது மழை பெய்யத் தொடங்கியதால் ஒரு கடையின் முன்னால் ஒதுங்கி நின்றபோது அங்கே ஒரு முதியவர் நனைந்தபடி வந்து நின்றதைக் கண்டு எங்களுக்குக் கவலையாக இருந்தது."

இலக்கணப் பிழை என்று சொல்ல இதில் எதுவும் இல்லை. ஓரத்தில் "வசனம் நீளம்" என்று எழுதியிருந்தால் அவளுக்கு அது ஒரு குற்றச்சாட்டாக மட்டுமே பட்டிருக்கும். குரல் பதிவில் இந்த வசனத்தை நிறுத்தாமல் வாசித்தேன். நடுவில் மூச்சு முட்டுவது பதிவில் நன்றாகக் கேட்கும். "எந்த இடங்களில் எனக்கு மூச்சு வேண்டியிருந்தது? அங்கெல்லாம் முற்றுப்புள்ளி வைத்து எழுதிப் பாரும்" என்று மட்டும் சொன்னேன். இடப்பக்கத்தில் இப்படி வந்தது:

"கஸ்தூரியார் வீதியில் வரும்போது மழை பிடித்துக்கொண்டது. நானும் தங்கையும் ஒரு கடை வாசலில் ஒதுங்கினோம். சற்று நேரத்தில் ஒரு முதியவரும் வந்து நின்றார். அவருடைய சட்டையிலிருந்து தண்ணீர் வடிந்தது."

கவலையாக இருந்தது என்ற முடிவை அவளாகவே விட்டுவிட்டு, வடியும் தண்ணீரை எழுதியிருந்தாள். அதைப் பற்றி நான் ஒரு சொல்லும் சொல்லியிருக்கவில்லை. வசனத்தை உடைத்ததும் அவளுக்குப் பார்க்க இடம் கிடைத்திருக்கிறது.

தமிழ் உரைநடையில் நிறுத்தக்குறிகளைப் பரவலாக்கியவர் என்று ஆறுமுக நாவலரைப் போற்றும் ஊர் இது. நிறுத்தக்குறிகளைப் பட்டியலாக மனப்பாடம் செய்த பிள்ளைகள் இங்கே ஏராளம். காதால் கேட்டு அவற்றை வைக்கப் பழகியவர்கள் அந்த அளவுக்கு இல்லை. இந்த வேலைக்குக் குரல் பதிவைவிட நல்ல கருவியை நான் காணவில்லை.

குரல் பதிவின் குறையும் உடனே தெரிந்தது. பிள்ளை எழுத உட்காரும்போது என்ன செய்யச் சொன்னேன் என்பதைத் தேடிப் பதிவு முழுவதையும் மறுபடி கேட்க வேண்டியிருக்கிறது. அதனால் பதிவின் கீழே ஒரு வரி தட்டச்சுச் செய்து அனுப்புகிறேன். "செய்ய வேண்டியது: எண் 2 உள்ள பந்தியை இடப்பக்கத்தில் மீண்டும் எழுதி, வியாழனுக்குள் படம் அனுப்பும்." இந்த வரி இல்லாமல் அனுப்பிய பதிவுகளுக்குத் திருத்திய பந்தி மிகக் குறைவாகவே திரும்பி வந்தது.

பனைக் கட்டுரை

வட மாகாணத்தில் பிள்ளையாகப் பிறந்து பனையைப் பற்றிக் கட்டுரை எழுதாமல் பாடசாலை முடித்தவர் இருக்க மாட்டார். எல்லாக் கட்டுரையும் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும்:

"பனை ஒரு கற்பகதரு ஆகும். பனையிலிருந்து எமக்குப் பல பயன்கள் கிடைக்கின்றன. நுங்கு, பனாட்டு, ஒடியல், புழுக்கொடியல், பனங்கட்டி, ஓலை போன்றன அவற்றுள் சிலவாகும். எனவே நாம் பனையைப் பாதுகாக்க வேண்டும்."

சந்தி சரி, எழுவாய் பயனிலை சரி. திருத்துவதற்கு எதுவும் இல்லாதது போலத் தோன்றும் இந்தக் கட்டுரையைத்தான் நான் அதிக நேரம் யோசித்துத் திருத்துகிறேன். "விளக்கம் போதாது", "இன்னும் விரிவாக எழுதுக" என்று முன்பெல்லாம் ஆசிரியர்கள் எங்களுக்கு எழுதியதை நாங்களும் எழுதிக்கொண்டு வருகிறோம். விரிவாக என்றால் பிள்ளை இன்னும் நான்கு பொருள்களின் பெயர்களைச் சேர்க்கும்: கடகம், சுளகு, நீற்றுப்பெட்டி, தும்பு. பட்டியல் நீளும், கட்டுரை வளராது.

மூன்றாவது வசனத்தில் எண் 1 வைத்து ஒரு மாணவனுக்கு நான் அனுப்பிய குறிப்பு இது: "இந்த ஆறில் உமது வீட்டில் உம் கண் முன்னால் செய்யப்பட்டது எது? செய்தவர் யார்? அவர் கைகள் என்ன செய்தன என்பதை மட்டும் எழுதி, இந்த வசனத்தின் இடத்தில் வையும்."

இடப்பக்கத்தில் அவன் எழுதியது:

"அம்மம்மா அவித்த கிழங்கின் தோலை உரித்து இரண்டாகப் பிளப்பார். நடுவில் உள்ள தும்பை இழுத்து எறிந்துவிட்டுப் பாயில் பரப்புவார். காகம் தூக்காமல் காவல் இருப்பது என் வேலை. காய்ந்த புழுக்கொடியலை நாங்கள் கடித்துத் தின்போம். அம்மம்மாவுக்குப் பல் இல்லை. தன் பங்கை உரலில் இடித்து, தேங்காய்ப்பூவும் சீனியும் போட்டு, கரண்டியால் சாப்பிடுவார். அவிக்காமல் காயவைத்தால் அது ஒடியல், அதைக் கூழுக்கு மட்டுந்தான் எடுப்போம் என்று சொன்னார்."

ஒடியலுக்கும் புழுக்கொடியலுக்கும் உள்ள வேறுபாடு முதல் எழுத்தில் இரண்டு சொற்களாக மட்டும் கிடந்தது. இப்போது அவன் அதை அம்மம்மாவிடம் கேட்டே எழுதியிருக்கிறான். குறிப்பு வீட்டில் வைத்துக் கிடைத்ததால்தான் அது நடந்தது. வகுப்பில் கொப்பியாகக் கிடைத்திருந்தால் அம்மம்மா அங்கே இருந்திருக்க மாட்டார். தொலைபேசியில் திருத்துவதன் பெரும் பயன் வேகம் என்றுதான் தொடக்கத்தில் நினைத்திருந்தேன். குறிப்பு எங்கே போய்ச் சேருகிறது என்பதே இப்போது எனக்கு முக்கியமாகப் படுகிறது. கேள்விக்கு விடை இருக்கும் வீட்டுக்குள்ளேயே கேள்வி போய்ச் சேருகிறது.

கட்டுரையை இயந்திரத்திடம் எழுதி வாங்கும் வசதி பிள்ளைகளின் கைக்கு வந்துவிட்ட காலத்தில் இத்தகைய கேள்விக்கு இன்னொரு பெறுமதியும் உண்டு. பனையின் பயன்களை அது நொடியில் எழுதிக் கொடுக்கும். அம்மம்மாவுக்குப் பல் இல்லை என்பது அதற்குத் தெரியாது.

எழுத்துப்பிழைக்குக் குரல் உதவாது

ழகரத்தை ளகரமாக உச்சரிக்கும் வழக்கு இங்கே பரவலாக உண்டு. "மழைக்கு ழகரம் போடும்" என்று குரல் பதிவில் சொன்னால் பிள்ளைக்கு இரண்டும் ஒன்றாகவே கேட்கும். னகர, ணகர வேறுபாடும் அப்படித்தான். எழுத்தைக் கண்ணால் பார்க்க வேண்டும், அதிலும் பிள்ளையே தேடிப் பார்க்க வேண்டும்.

இதற்கு நான் பின்பற்றுவது மிகப் பழைய ஒரு முறை. அமெரிக்காவில் எழுத்துப் பயிற்சி ஆசிரியராக இருந்த ரிச்சர்ட் ஹாஸ்வெல் 1983இல் எழுதிய ஒரு கட்டுரையில் விளக்கியது. பிழையுள்ள வரியின் ஓரத்தில் ஓர் அடையாளம் மட்டும் இடுவது. பிழை எது என்று சொல்வதில்லை. அவருடைய மாணவர்கள் அப்படி அடையாளமிட்ட பிழைகளில் பாதிக்கு மேற்பட்டவற்றைத் தாங்களே கண்டுபிடித்துத் திருத்தினார்கள். தெரியாமல் விடும் பிழையைவிடக் கவனியாமல் விடும் பிழையே அதிகம் என்பதற்கு அது சான்று. நானும் படத்தில் வரியின் ஓரத்தில் ஒரு சிறு கோடு இடுகிறேன். பிள்ளை தேடுகிறது. பிழையைக் கண்டுபிடிக்க முடியாத வரிகளை மட்டும் வட்டமிட்டுத் திருப்பி அனுப்பச் சொல்கிறேன். அவற்றை நான் விளக்குகிறேன். அப்படித் திரும்பி வருபவை பெரும்பாலும் சந்தியும் ஒருமை பன்மை இயைபும். வல்லினம் மிகும் இடங்களை எந்தப் பிள்ளையும் தேடிக் கண்டுபிடிப்பதில்லை, அதை வகுப்பில் கரும்பலகையில் வைத்துத்தான் கற்பிக்க வேண்டும். தொலைபேசியில் அதற்கு நேரம் செலவழிப்பதில்லை.

புள்ளி

எதிர்ப்பு வந்தது இங்கேதான். திருத்திய பந்தி வரும்வரை புள்ளி சொல்வதில்லை என்று வைத்துக்கொண்டேன்.

ரூத் பட்லர் என்ற ஆய்வாளர் 1988இல் வெளியிட்ட ஆய்வு ஆசிரியர் பயிற்சிகளில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படுவது. மாணவர்களில் ஒரு பகுதியினருக்குப் புள்ளி மட்டும், இன்னொரு பகுதியினருக்குக் குறிப்பு மட்டும், மூன்றாம் பகுதியினருக்கு இரண்டும் கொடுக்கப்பட்டன. அடுத்த வேலையில் முன்னேறியவர்களும் ஆர்வம் குறையாமல் இருந்தவர்களும் குறிப்பு மட்டும் பெற்றவர்கள். இரண்டும் பெற்றவர்கள் புள்ளி மட்டும் பெற்றவர்களைப் போலவே நடந்துகொண்டார்கள். புள்ளியைக் கண்ட கண் குறிப்புக்குப் போகவில்லை. க்ளூகர், டெனிசி என்ற இருவர் 1996இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது கருத்துரை சராசரியாக நன்மை தந்தாலும், மூன்றில் ஒன்றுக்கு மேற்பட்ட சந்தர்ப்பங்களில் செயற்பாட்டைக் குறைத்திருந்தது தெரிந்தது. கவனம் வேலையிலிருந்து விலகி "நான் எப்படிப்பட்டவன்" என்ற பக்கம் திரும்பும்போது பாதிப்பு வரும் என்பது அவர்களின் விளக்கம். யாழ்ப்பாணத்தில் இதைச் சொல்லி விளக்க வேண்டியதில்லை. ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சையிலிருந்தே பிள்ளைகள் தங்களை ஓர் எண்ணாகக் கேட்டுப் பழகிவிடுகிறார்கள்.

பெற்றோர் சிலர் கேட்டார்கள். "ரீச்சர், திருத்திவிட்டீர்கள், புள்ளியை மட்டும் ஏன் சொல்லவில்லை? மற்றப் பிள்ளைகளோடு பார்க்கும்போது எங்கே நிற்கிறான் என்று எங்களுக்குத் தெரிய வேண்டாமா?" கேள்வியில் நியாயம் இருக்கிறது. பரீட்சை வரும், அதில் புள்ளிதான் பேசும். அவர்களுக்கு விளக்கம் எழுதுவதைவிட, வலப்பக்கத்தையும் இடப்பக்கத்தையும் ஒரே படத்தில் எடுத்து அனுப்பினேன். பழைய பந்தியும் புதிய பந்தியும் அருகருகே. பந்தி திரும்பி வந்ததும் புள்ளியைச் சொல்லிவிடுகிறேன் என்றும் உறுதி கொடுத்தேன். மனம் மாறாதவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுடைய பிள்ளைகளுக்கும் இதே ஒழுங்குதான்.

உயர்தரப் பிள்ளைகளும் கூகுள் டொக்ஸும்

உயர்தரத்தில் சிலர் ஒப்படைகளைத் தட்டச்சுச் செய்து தருகிறார்கள். அவர்களுக்குக் கூகுள் டொக்ஸ் வசதியாக இருக்கிறது, இரண்டு எச்சரிக்கைகளுடன்.

முதலாவது, அதில் ஆசிரியர் திருத்த இரண்டு வழிகள் உண்டு. ஒன்று பரிந்துரை: நான் எழுத்திலேயே மாற்றிவிடுவேன், பிள்ளை ஒரு சரிக்குறியை அழுத்தினால் மாற்றம் ஏற்கப்படும். மற்றது கருத்து: ஓரத்தில் கேள்வியாக நிற்கும். பரிந்துரையாகத் திருத்திக் கொடுத்தால் பிள்ளைகள் சரிக்குறிகளை வரிசையாக அழுத்தி முடித்துவிடுகிறார்கள்; ஒரு வசனத்தையும் வாசித்திருக்க மாட்டார்கள். ஆகவே பரிந்துரையை மூடிவிட்டேன். கருத்து மட்டும். அதுவும் பிள்ளை வசனத்தை மாற்றியபின் கருத்தின் கீழே ஏன் மாற்றினேன் என்று ஒரு வரி பதில் எழுத வேண்டும். பதிப்பு வரலாற்றைத் திறந்தால் எந்த நேரத்தில் எது மாறியது என்று தெரியும். இதைக் காவல் பார்க்கும் கருவியாக நான் பயன்படுத்துவதில்லை. ஒரு பிள்ளை ஒரே முதல் வசனத்தை நாலைந்து விதமாக எழுதி அழித்திருப்பதை அங்கே கண்டால், கடைசியில் நிற்கும் வசனம் சாதாரணமாக இருந்தாலும், அந்த உழைப்பைப் பற்றியே முதலில் பேசுவேன். கொப்பியில் அது ஒருபோதும் எனக்குத் தெரிய வந்ததில்லை.

இரண்டாவது, தொலைபேசி விசைப்பலகை சொற்களைத் தானே முன்மொழிகிறது. பிள்ளை தொடங்கிய சொல்லுக்குச் சரியான றகரத்தையும் ளகரத்தையும் அதுவே போட்டுக் கொடுத்துவிடும். தட்டச்சில் பிழையே இல்லாத பிள்ளை பரீட்சையில் கையால் எழுதும்போது தடுமாறும். எழுத்துப்பிழையைப் பார்க்க வேண்டுமென்றால் கையெழுத்தைத்தான் பார்க்க வேண்டும். இன்னொரு சிறு தொல்லை: சில வீடுகளிலும் தட்டச்சுக் கடைகளிலும் பாமினி என்ற பழைய எழுத்துருவில் இன்னும் தட்டச்சுச் செய்கிறார்கள். அந்தக் கோப்பைத் தொலைபேசியில் திறந்தால் ஆங்கில எழுத்துகளும் குறிகளுமாகத் தெரியும். தொலைபேசியில் தமிழாகவே தெரியும் யுனிகோடு முறைக்கு அதை மாற்றித் தரும் இணையக் கருவிகள் இருக்கின்றன. மாற்றியபின் ஒருமுறை வாசித்துவிட்டு அனுப்பச் சொல்கிறேன்.

தொலைபேசி யாருடையது

தரம் 10 பிள்ளைகளில் பலரிடம் சொந்தத் தொலைபேசி இல்லை. அப்பாவுடையது, அக்காவுடையது, அல்லது வெளிநாட்டிலிருந்து மாமா அனுப்பியதை வீடே சேர்ந்து பாவிப்பது. குரல் பதிவு வந்ததும் யாரோ ஒருவர் அழுத்திவிடுவார். வீட்டில் எல்லோரும் கேட்பார்கள். நான் பேசுவது பிள்ளையிடம் மட்டும் அல்ல என்று தெரிந்தே பேச வேண்டியிருக்கிறது. குறையைச் சொல்லும்போது "இந்த வசனம்" என்கிறேன், "நீர்" என்று தொடங்குவதில்லை. பிள்ளையைக் கண்டிக்க வேண்டியிருந்தால் அது பாடசாலையில், நேரில்.

சில கட்டுரைகளை இந்த வழியில் திருத்தவே கூடாது. "மறக்க முடியாத நாள்" என்று தலைப்புக் கொடுத்தால் இந்த மண்ணில் என்னவெல்லாம் வரும் என்பது எந்த ஆசிரியருக்கும் தெரியும். வீட்டில் வாய்விட்டுச் சொல்லாததைப் பிள்ளை எழுத்தில் சொல்லியிருக்கும். அந்தப் படத்தில் எண் இடுவதில்லை, குரல் பதிவும் இல்லை. "வாசித்தேன். நாளை பேசுவோம்" என்று ஒரு வரி மட்டும் அனுப்பிவிட்டு, நேரில் உட்கார்ந்து கேட்கிறேன். வசனம், பந்தி பற்றிய பேச்சு அதன் பிறகு, பிள்ளை விரும்பினால்.

வகுப்புக் குழுவில் எவருடைய கட்டுரையையும் பெயருடன் போடுவதில்லை, பாராட்டுவதற்கும்கூட. பலருக்கும் பொதுவான குறை இருந்தால் அதை நானே ஒரு மாதிரி வசனமாக எழுதிப் போட்டு, எல்லோரையும் திருத்திப் பார்க்கச் சொல்கிறேன்.

இரவு எட்டு மணிக்குப் பின் நான் அனுப்புவதில்லை. அதன் பின் வருவதற்கு மறுநாள்தான் பதில். தொலைபேசியே இல்லாத பிள்ளைகள் வகுப்பில் இருக்கிறார்கள். அவர்களுடைய கொப்பியில் அதே எண்களைப் பென்சிலால் இடுகிறேன். குரல் பதிவுக்குப் பதிலாக இடைவேளையில் மேசைக்கு அழைத்து அதே இரண்டு நிமிடம் பேசுகிறேன். அவர்களுக்குக் கிடைப்பது குறைந்தது என்று எவரும் எண்ணிவிடக் கூடாது. உண்மையில் நேரில் பேசும்போது பிள்ளையின் முகம் எனக்குத் தெரிகிறது, விளங்கவில்லை என்றால் உடனே வேறுவிதமாகக் கேட்கலாம்.

திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டிய சிறு குறிப்புகளுக்கு மட்டும் விசைப்பலகையின் தனி அகராதியில் சுருக்கங்கள் வைத்திருக்கிறேன். 'ஒப' என்று அழுத்தினால் "எழுவாய் பன்மை, பயனிலையைப் பாரும்" என்று விரியும். கேள்விகளுக்குச் சுருக்கம் வைக்கவில்லை. ஒரு பிள்ளையின் அம்மம்மாவைப் பற்றிக் கேட்ட கேள்வியை இன்னொரு பிள்ளைக்கு ஒட்ட முடியாது.

இந்தத் தவணையிலிருந்து ஒன்றைப் புதிதாகச் சேர்த்திருக்கிறேன். படத்துடன் பிள்ளையும் ஒரு வரி அனுப்ப வேண்டும்: "இந்தக் கட்டுரையில் எனக்கு ஐயமான இடம்". தொடக்கத்தில் "எல்லாம் சரி ரீச்சர்" என்றும் "எழுத்துப்பிழை பாருங்கள்" என்றும்தான் வந்தன. இப்போது இடத்தைச் சுட்டிக் கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள். சென்ற வாரம் ஒரு மாணவியிடமிருந்து வந்தது: "ரீச்சர், இரண்டாம் பந்தியை முதலில் வைத்தால் நல்லாக இருக்குமா?" இரண்டு ஒழுங்கிலும் வாய்விட்டு வாசித்து, இரண்டையும் குரல் பதிவாக அனுப்பும்படி அவளுக்கு எழுதியிருக்கிறேன்.